பஸ்ஸில் என் மகளுக்கு நடந்தது: நியூஜெர்சியில் இருக்கும் பெற்றோர்களே, உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

மிடில்செக்ஸ் கவுண்டி அம்மா:

வணக்கம். என் மகள் ஆறாம் வகுப்பு. அக்டோபரில் ஒரு நாள் பள்ளி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவள் நேராக பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். தட்டிப் பார்த்தேன், பேச்சில்லை. அப்புறம் உள்ளேயிருந்து, "அம்மா, கத்தரிக்கோல் கொடு" என்றாள். பின்னலின் நடுவில் சூயிங்கம். தவறி ஒட்டியது அல்ல. நாலைந்து துண்டுகளை மென்று ஒன்றாக்கி, முடியில் வைத்துத் தேய்த்திருந்தார்கள். தேங்காய் எண்ணெயைத் தடவித் தடவி, அகலப் பல் சீப்பால் இழை இழையாகப் பிரித்தேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. அப்படியும் ஒரு கொத்தை வெட்டத்தான் வேண்டியிருந்தது.

எண்ணெய் தடவிக்கொண்டிருக்கும்போதுதான் ஒவ்வொன்றாகச் சொன்னாள். செப்டம்பரிலிருந்தே பின் சீட்டுப் பையன்கள் இரண்டு பேர் அவள் ஏறும்போது மூக்கைப் பிடித்துக்கொள்வார்களாம். தலையை ஆட்டி ஆட்டி இந்தியர் பேசுவதுபோல் பேசிக் காட்டுவார்களாம். டிபன் பையைக் கை மாற்றிக் கை மாற்றிப் பின்னால் வீசுவார்களாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ ஸ்கூலுக்கு வந்து பேசினா இன்னும் ஜாஸ்தி ஆகும்" என்றாள்.

என் கணவர் "வம்பு எதுக்கு, போன்ல சொல்லிடு" என்றார். எனக்கும் அதுவே சரி என்று பட்டது. துணை முதல்வர் மிகவும் அன்பாகப் பேசினார், பையன்களைக் கூப்பிட்டுப் பேசுவதாகச் சொன்னார். இரண்டு வாரம் அமைதி. நவம்பரில் மறுபடி ஆரம்பித்தது. மறுபடி போன் செய்தால் வேறொருவர் எடுத்தார். நான் முதலில் புகார் செய்ததற்குத் தங்களிடம் எந்தக் குறிப்பும் இல்லை என்றார். அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது.

எதிர்வீட்டுக் குஜராத்தி அம்மாதான் வழி காட்டினார். இந்த மாநிலத்தில் 2011-லிருந்து சீண்டல், மிரட்டல், துன்புறுத்தலுக்கு எதிரான தனிச் சட்டம் இருக்கிறது. பள்ளியில் இப்படிப்பட்ட சீண்டலைச் சுருக்கமாக எச்.ஐ.பி. என்பார்கள். இனம், நிறம், மதம், பூர்வீகம், உடல் குறைபாடு போன்ற ஏதோ ஒன்றை வைத்து ஒரு பிள்ளையைச் சீண்டினால் அது இதில் வரும். பள்ளி வளாகத்தில் மட்டும் அல்ல, பஸ்ஸில் நடந்தாலும் வரும். ஒரு பள்ளி நாளுக்குள் விசாரணை தொடங்க வேண்டும், எழுத்துப் புகார் வந்த 10 பள்ளி நாட்களுக்குள் முடிக்க வேண்டும். நான் போனில் சொன்னதே புகார்தான் என்பதும் பிறகுதான் தெரிந்தது. கேட்ட ஊழியர் அன்றே முதல்வரிடம் சொல்லி, இரண்டு பள்ளி நாட்களுக்குள் எழுதிக் கொடுத்திருக்க வேண்டுமாம்.

அன்று இரவே மின்னஞ்சல் எழுதினேன். தலைப்பிலேயே எச்.ஐ.பி. புகார் என்று போட்டேன். தேதி, பஸ் எண், எந்த சீட், என்ன சொன்னார்கள், யார் பார்த்தார்கள் என்று எல்லாம் எழுதினேன். பஸ் கேமரா பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லியும் கேட்டேன். அக்டோபர் பதிவு போய்விட்டது, நவம்பர் பதிவு இருக்கிறது என்று பதில் வந்தது. நான் மட்டும் முதல் நாளே எழுதியிருந்தால்! இப்போது விசாரணை நடக்கிறது. மனசு நிலைகொள்ளவில்லை. உங்கள் வீடுகளில் என்ன நடந்தது, எப்படிச் சமாளித்தீர்கள்?

சாமர்செட் கவுண்டி அப்பா:

அக்கா, எங்கள் வீட்டில் விஷயத்தைக் காட்டிக்கொடுத்தது தண்ணீர் பாட்டில். பையன் ஒன்பதாம் வகுப்பு. காலையில் நிரப்பிக் கொடுத்த பாட்டில் மாலையில் அப்படியே திரும்பி வரும். கேட்டால் தாகம் இல்லை என்பான். ஜனவரியில் சிறுநீர்த் தொற்று வந்து டாக்டரிடம் போனபோதுதான், பள்ளியில் பாத்ரூமுக்கே போவதில்லை என்று சொன்னான். உள்ளே எப்போதும் வேப் என்ற மின் சிகரெட் புகை, கூட்டமாக நிற்கும் பெரிய பையன்கள், சண்டையைப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுகிறவர்கள். நிர்வாகம் கண்டுபிடித்த தீர்வு பெரும்பாலான பாத்ரூம்களைப் பூட்டிவைத்தது. திறந்திருக்கும் ஒன்றிரண்டில் எல்லாரும் சேர்ந்ததால் கூட்டம் இன்னும் மோசம்.

ஒன்று தெரிந்துகொண்டேன். வன்முறை, ஆயுதம், போதைப்பொருள், பொருட்சேதம், எச்.ஐ.பி. எல்லாவற்றின் எண்ணிக்கையையும், ஊர்ப் பள்ளிகளின் தலைமை அதிகாரியான சூப்பரிண்டெண்டென்ட் ஆண்டுக்கு இரண்டு முறை பள்ளிக் கல்வி போர்டின் பொதுக்கூட்டத்தில் வைத்தாக வேண்டும். நானும் போய் உட்கார்ந்தேன். திரையில் ஒரு பட்டியல் ஓடியது, சில நிமிடத்தில் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். எங்கள் பள்ளிக்கு எண்ணிக்கை மிகவும் குறைவு. பாராட்டுகூட வந்தது. என் மகன் பார்த்த சண்டைகளையே எண்ணினால் அதைத் தாண்டும். எதைச் சண்டை என்று எழுதுவது, எதைச் சின்னத் தள்ளுமுள்ளு என்று விட்டுவிடுவது என்பது எழுதுகிறவர் கையில் இருக்கிறது. அதனால் எண் குறைவாக இருந்தால் நிம்மதியாகாதீர்கள். பிள்ளைகளிடம் கேளுங்கள்.

பொதுமக்கள் பேசும் நேரத்தில் மூன்று நிமிடம் கொடுத்தார்கள். பாட்டிலையே எடுத்துப் போய் மேசைமேல் வைத்துப் பேசினேன். வேறு ஆறு பெற்றோரும் எழுந்தார்கள். மார்ச்சில் எல்லா மாடியிலும் ஒரு பாத்ரூம் திறந்தது, வெளியே ஒரு ஊழியர் நாற்காலி போட்டு உட்காருகிறார். இப்போது பாட்டில் பாதி காலியாகி வருகிறது.

மெர்சர் கவுண்டியிலிருந்து:

எங்களுக்கு இதுவரை பிரச்சினை இல்லை. பள்ளிக்கு ஓய்வுபெற்ற போலீஸ் ஒருவர் இருக்கிறார். 2016-ல் வந்த சட்டத்தின்படி பள்ளிக்கென்றே நியமிக்கப்படும் சிறப்புக் காவலர். பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், என் சின்னவளின் ஷூ லேஸைக்கூடக் கட்டிவிட்டிருக்கிறார். நல்லதையும் சொல்ல வேண்டும் என்று எழுதினேன்.

பெயர் வேண்டாம்:

நான் மறுபக்கத்து அம்மா. தவறு செய்த பையனின் அம்மா. எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

என் மகனுக்கு 13 வயது. விளையாட்டு சாட் ஒன்றில் கோபத்தில், நாளைக்குப் பள்ளியில் என்ன நடக்கிறது பார் என்று ஒரு வரி எழுதி, பக்கத்தில் துப்பாக்கிப் படம் போட்டிருக்கிறான். இரவு பத்தரைக்குக் கதவு தட்டப்பட்டது. இரண்டு போலீஸ். வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்டார்கள், அவன் அறையைப் பார்க்கலாமா என்றார்கள். என் மாமியார் அப்போதுதான் ஊரிலிருந்து வந்திருந்தார். சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றவர் அவர்கள் போகும்வரை திரும்பவே இல்லை.

அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. பள்ளித் துப்பாக்கிச் சூடுகளில் 2018-ல் பார்க்லேண்டில் 17 பேர், 2022-ல் யுவால்டியில் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் இறந்த நாட்டில், அந்த ஒரு வரியை யாரும் விளையாட்டு என்று ஒதுக்கக் கூடாது. அதைப் பார்த்துத் தன் அம்மாவிடம் சொன்ன பிள்ளை சரியான காரியம் செய்திருக்கிறாள். 2022-ல் நிறைவேறிய சட்டப்படி இங்கே எல்லாப் பள்ளி மாவட்டத்திலும் மிரட்டல் மதிப்பீட்டுக் குழு ஒன்று இருக்கிறது. பள்ளி ஆலோசகரான கவுன்சிலர், ஆசிரியர், போலீஸ் தொடர்பாளர் எல்லாரும் இருப்பார்கள். அவர்கள் மகனிடம் இரண்டு முறை பேசி, செய்யும் எண்ணம் இல்லை என்று முடிவு செய்தார்கள். ஒன்பது நாள் சஸ்பென்ஷன்.

யாருக்காவது இப்படி நேர்ந்தால் தெரிந்திருக்கட்டும். 10 பள்ளி நாள்வரை குறுகிய சஸ்பென்ஷன். அதற்கு முன்னால் பிள்ளையின் தரப்பைக் கேட்டாக வேண்டும். 10 நாளைத் தாண்டினால் 30 நாட்களுக்குள் போர்டின் முன் முறையான விசாரணை உண்டு. எப்படியானாலும் சஸ்பெண்ட் ஆன ஐந்து பள்ளி நாட்களுக்குள் பாடம் சொல்லித்தர ஏற்பாடு செய்ய வேண்டும். இதைக் கேட்டால்தான் கிடைத்தது.

அவன் திரும்பிப் போன நாளில் மதிய உணவு மேசையில் யாரும் பக்கத்தில் உட்காரவில்லை. சில வாரம் நூலகத்தில்தான் சாப்பிட்டான். ஏன் அவ்வளவு கோபம் என்று கேட்டு எடுத்தது அங்கிருந்த கவுன்சிலர்தான். ஒரு வருடமாக அவனை அந்த சாட்டில் நாலு பேர் சேர்ந்து கிண்டல் செய்திருக்கிறார்கள். ஒரே வீட்டில் இருந்த எனக்குத் தெரியவில்லை. மிடில்செக்ஸ் தங்கையே, உங்கள் மகள் எண்ணெய் தடவும்போதாவது சொன்னாளே, அதை விட்டுவிடாதீர்கள்.

வகுப்பு உதவியாளர், மத்திய ஜெர்சி:

நான் தொடக்கப் பள்ளியில் உதவியாளராக ஏழாவது வருடம். கிண்டர்கார்ட்டன். இங்கே மாதம் ஒரு தீ ஒத்திகை, மாதம் ஒரு பாதுகாப்பு ஒத்திகை கட்டாயம். லாக்டவுன் என்றால் விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, ஜன்னலில் தெரியாத மூலையில் எல்லாரும் சத்தமில்லாமல் உட்கார வேண்டும். போன மாதம் அப்படி உட்கார்ந்திருந்தபோது ஒரு பையனின் ஷூ மின்னியது. நடந்தால் சிவப்பும் நீலமுமாக எரியுமே, அந்த ஷூ. காலை அசைக்காதே என்று எப்படிச் சொன்னாலும் ஐந்து வயதுக் கால் அசையத்தானே செய்யும்? என் துப்பட்டாவை எடுத்து அவன் இரண்டு காலையும் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். அவன் என் காதில், "மிஸ், அந்தக் கெட்ட ஆள் என் ஷூவைப் பார்த்துட்டானா?" என்று கேட்டான். பெற்றோர்களே, மின்னும் ஷூ வாங்காதீர்கள். இதை எழுத வேண்டியிருக்கிறது என்பதே எனக்குத் தாங்கவில்லை.

பார்க்லேண்டில் இறந்த அலிஸா அல்ஹாடெஃப் என்ற 14 வயதுப் பெண் முன்பு இந்த மாநிலத்தில் வளர்ந்தவள். அவள் பெயரில் 2019-ல் வந்த சட்டத்தால்தான் பள்ளிகளில் சத்தமில்லாமல் போலீஸை அழைக்கும் பொத்தான் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாற்காலியைத் தூக்கி எறியும் பிள்ளையைப் பற்றி நம் பெற்றோர் குழுக்களில், "அவனை வேற ஸ்கூலுக்கு அனுப்பிடுங்க" என்று எழுதுகிறார்கள். குறைபாடுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி எழுதித்தரும் தனிக் கல்வித் திட்டம் அந்தப் பிள்ளைக்கு இருந்தால், 10 பள்ளி நாளுக்கு மேல் வெளியே அனுப்பும் முன்பு, அந்தச் செயல் அவன் குறைபாட்டால் வந்ததா என்று பள்ளி பார்த்தாக வேண்டும். அது கூட்டாட்சிச் சட்டம். அவன் எறியும்போது மற்ற பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகிறவள் நான்தான், முழங்கையில் தழும்புகூட இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன், அவனுக்கென்று ஒரு ஆள் முழு நாளும் இருந்த வருடத்தில் அவன் ஒரு நாற்காலியைக்கூடத் தொடவில்லை. அந்த இடம் இந்த வருடம் நிரப்பப்படவில்லை. புகார் எழுதுகிறவர்கள் அந்தப் பிள்ளையைப் பற்றி எழுதாதீர்கள், அந்தக் காலியிடத்தைப் பற்றி எழுதுங்கள்.

இரண்டு பெண்களின் அப்பா:

பாதுகாப்பு பற்றி நிறையச் சொல்லிவிட்டார்கள். நான் படிப்பைப் பற்றி. இணையத்தில் பள்ளிக்குக் கொடுத்திருந்த 9 மதிப்பெண்ணைப் பார்த்து வீடு வாங்கினோம், சொத்து வரியும் அதற்கேற்ப. பெரியவளுக்கு ரிப்போர்ட் கார்டில் கணக்குக்கு ஏ. மாநிலத் தேர்வில் 731. அங்கே 750 எடுத்தால்தான் வகுப்புக்குரிய நிலையை எட்டியதாக அர்த்தம். எது உண்மை என்று கேட்கப் போனேன். செப்டம்பரிலிருந்து அந்த வகுப்புக்கு நிரந்தர ஆசிரியர் இல்லை, மாற்று ஆசிரியர் கணினியில் பயிற்சி போடவைத்துக்கொண்டிருந்தார் என்று தெரிந்தது. நாடு முழுக்கவே 2022 தேசியத் தேர்வில் எட்டாம் வகுப்புக் கணக்கு 8 புள்ளி இறங்கியது, அது வேறு. ஆனால் ஆசிரியர் இல்லாததை எங்களிடம் சொல்லியிருக்கலாம் அல்லவா? பாதிப் பிள்ளைகள் டியூஷன் போவதால் பள்ளியின் சராசரி கீழே விழவில்லை, அதனால் யாரும் கேட்கவில்லை.

நம் பக்கத்துத் தவறையும் சொல்கிறேன். டிசம்பரில் மூன்று வாரம் ஊருக்குப் போய் வந்தோம், விடுமுறை நாட்கள் போக பத்து பள்ளி நாள் போனது. அப்புறம் காய்ச்சல். 180 நாளில் 18 நாள் போனால் நாள்பட்ட வருகைக் குறைவு என்று கணக்கு. நாங்கள் 17-ல் நின்றோம். பின்னங்கள் பாடம் நடந்தது அந்த நாட்களில்தான்.

மிடில்செக்ஸ் கவுண்டி அம்மா:

எல்லாருக்கும் நன்றி. பெயர் வேண்டாம் என்று எழுதிய அக்கா, உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். அந்தப் பையன்களின் அம்மாக்களைப் பற்றி இதுவரை நான் ஒரு முறைகூட நினைக்கவில்லை.

விசாரணை முடிந்தது. எச்.ஐ.பி. என்று உறுதி செய்திருக்கிறார்கள். நவம்பர் கேமராவில் பை வீசுவது தெளிவாகத் தெரிந்ததாம். அந்தப் பிள்ளைகளுக்கு என்ன தண்டனை என்று சொல்ல மாட்டார்கள், அவர்களின் ரகசியமும் காக்கப்பட வேண்டும் என்று புரிகிறது. என் மகளுக்கு ஓட்டுநருக்குப் பின்னால் முதல் சீட் கொடுத்திருக்கிறார்கள். அதுதான் எனக்கு உறுத்துகிறது. இடம் மாறியது இவள். திருப்தி இல்லையென்றால் 60 நாட்களுக்குள் போர்டின் முன் விசாரணை கேட்கலாம். என் கணவர் இந்த முறை வம்பு என்று சொல்லவில்லை, கேள் என்றார்.

அதற்கு முன்னால் வரும் செவ்வாய் இரவு ஏழு மணிக்கு எங்கள் போர்டின் பொதுக்கூட்டம். பஸ்ஸில் பெரியவர் ஒருவர் வேண்டும் என்று மட்டும் கேட்கப் போகிறேன். மூன்று நிமிடம்தான், எழுதி வைத்துப் படித்துப் பார்த்தேன், இரண்டே முக்கால் வருகிறது. பக்கத்து ஊர்களில் இருப்பவர்கள் யாராவது வர முடியுமா? நீங்கள் பேச வேண்டாம். நான் எழுந்து போகும்போது என் மகள் பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருந்தால் போதும்.