சனிக்கிழமைக் கூலி யார் கையில்?

நொய்யல்கரை:
நேற்று இங்கே, பனியன் தைக்கும் யூனிட் நடத்துகிற 'பவர்டேபிள் ஓனர்' எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. குடிமறுவாழ்வு மையத்திலிருந்து வந்தவனை வேலைக்கு எடுப்பாராம். ஆனால் சனிக்கிழமைக் கூலியை அவன் கையில் தரமாட்டாராம், மனைவியை வரச்சொல்லி அவரிடம்தான் தருவாராம். மற்ற டைலர்கள் வரிசையில் நின்று வாங்கும்போது இவன் மட்டும் ஓரமாக நிற்க வேண்டுமா? இதற்குப் பெயர் மறுவாழ்வா? கூலி அவன் கைக்குத்தான் போக வேண்டும்.

பவர்டேபிள் ஓனர்:
எழுதுவது சுலபம்ங்க. திருப்பூரில் வாரக் கூலி போட்டுப் பாருங்க, தெரியும். டாஸ்மாக் ராத்திரி 10 மணி வரை திறந்திருக்கிறது. தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு போன பையன் ஒருவன் அப்புறம் மிஷினில் வந்து உட்காரவே இல்லை. என் ஆர்டர் நின்றது. நீங்களா வந்து தைத்துக் கொடுத்தீங்க?

நொய்யல்கரை:
போனஸை மொத்தமாக நீட்டியது யார்? அவனிடமே கேட்டு, பாதியை வங்கியில் போட்டிருக்கலாமே. கூலியை உழைத்தவனுக்கே கொடுக்க வேண்டும் என்று 1936-லேயே சட்டம் வந்துவிட்டது. கையில் காசில்லாத நாளில் அவன் குடிக்காமலா இருந்தான்? கடன் வாங்கிக் குடித்தவன்தானே! மறுபடியும் சொல்கிறேன், கூலி அவன் கையில்.

செக்கிங் அக்கா:
மனைவி, மனைவி என்கிறீர்களே, அவளை யாராவது கேட்டீர்களா? என் வீட்டுக்காரர் சிகிச்சை முடிந்து வந்ததும் கம்பெனிக்காரர் கூலிக் கவரை என்னிடம்தான் கொடுத்தார். அந்தக் கவருக்காக ராத்திரி அடி வாங்கியதும் நான்தான். என்னைக் காவல்காரி ஆக்காதீர்கள்.

நொய்யல்கரை:
பார்த்தீர்களா! அக்காவும் என் பக்கம்தான்.

செக்கிங் அக்கா:
உங்கள் பக்கம் இல்லை தம்பி. கூலி அவர் கைக்கு வந்த வாரங்களில் வீட்டுக்கு அரிசி வரவில்லை, அதையும் சேர்த்து எழுதுங்கள். சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மா 1980-ல் தொடங்கிய டி.டி.கே. குடிநோய் சிகிச்சை மருத்துவமனையில் குடும்பத்துக்கும் தனியாக ஆலோசனை உண்டு. என் வீட்டுக்காரர் இருந்த மையத்தில் எங்களை அப்படி யாரும் உட்கார வைத்துப் பேசவில்லை. ஆளைக் கொண்டுவந்து விட்டார்கள், ரசீது கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

காங்கயம் காளை:
எதற்கு இவ்வளவு பேச்சு? குடியை நிறுத்துகிற மாத்திரை இருக்கிறது. தெரியாமல் குழம்பில் கலந்து கொடுத்தால் வேலை முடிந்தது.

மருந்துக்கடை:
யாரும் இதைச் செய்துவிடாதீர்கள். நீங்கள் சொல்வது டைசல்ஃபிராம். அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் இறங்கி உயிரே போகலாம். டாக்டர் சொல்லி, நோயாளி தெரிந்து சம்மதித்துத்தான் சாப்பிட வேண்டும்.

காங்கயம் காளை:
எங்கள் ஊரில் கொடுத்தார்கள், நன்றாகத்தான் இருக்கிறார். மருந்து விற்கிறவர் மருந்தை வேண்டாம் என்பது புதுசாக இருக்கிறது.

மருந்துக்கடை:
போன மாதம் சர்க்கரைக்குக் கஷாயம் போதும் என்று எழுதியதும் நீங்கள்தானே? அன்றைக்கும் பதில் சொல்லாமல் போய்விட்டீர்கள்.

நொய்யல்கரை:
மாத்திரைச் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஓனரிடம் இன்னொன்று கேட்க வேண்டும். சனிக்கிழமை நைட் ஓவர்டைம் போடுகிறீர்களே, அவன் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்கு எப்போது போவான்? 1935-ல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடித்து ஆரம்பித்தது அது. கட்டணம் கிடையாது. தன்னைப் போலவே விழுந்து எழுந்தவர்களோடு உட்கார்ந்து பேச அவனுக்கு ஒரு மணி நேரம் வேண்டும், அவ்வளவுதான். அதை விடமாட்டீர்கள், கூலியையும் கையில் தரமாட்டீர்கள். அட்வான்ஸ் கொடுத்துக் கட்டிப்போட மட்டும் தெரிகிறது.

பவர்டேபிள் ஓனர்:
அட்வான்ஸ் கேட்டு வாசலில் நிற்பது அவர்கள்தான். நானாகக் கூப்பிட்டா கொடுக்கிறேன்? மூன்று பேரை எடுத்தேன், ஒருவர் இன்றைக்கும் துணி வெட்டும் கட்டிங் வேலையில் இருக்கிறார். அவர் கூலி அவர் வீட்டம்மா கையில்தான் போகிறது. அவரே கேட்டுக்கொண்டது.

நொய்யல்கரை:
அவரே கேட்டாரா, வேலை போய்விடும் என்று கேட்டாரா?

பவர்டேபிள் ஓனர்:
நீங்கள் எத்தனை பேருக்கு வேலை கொடுத்தீர்கள்? அதை முதலில் சொல்லுங்கள்.

செக்கிங் அக்கா:
அந்தக் கட்டிங் மாஸ்டர் வீட்டம்மாவிடம் யாராவது பேசினீர்களா?

நொய்யல்கரை:
நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை ஓனர். கூலி அவன் கையில். நாளைக்கும் இதைத்தான் எழுதுவேன்.