ஜெர்மனியில் நாயைக் கயிற்றில் பிடித்துச் செல்வது: மாநிலத்துக்கு மாநிலம் மாறும் விதிகள்

ஜெர்மனிக்குப் புதிதாக வந்திருக்கும் நம்மவர்கள் நாய் வளர்ப்பதைப் பற்றிப் பேசத் தொடங்கினால், வெளியே அழைத்துச் செல்லும்போது கயிறு கட்டாயமா என்ற கேள்விதான் முதலில் வருகிறது. நாடு முழுவதற்கும் பொருந்தும் ஒரே பதில் இதற்குக் கிடையாது. இங்கே 16 மாநிலங்கள் உள்ளன; நாய் தொடர்பான விதிகளை அந்தந்த மாநிலமே வகுக்கிறது, அதற்குள் நகராட்சி தன் பங்குக்குச் சிலவற்றைச் சேர்க்கிறது. ஆகையால் மியூனிக்கில் இருக்கும் நண்பர் சொன்னார் என்பதற்காக பெர்லினில் நாயை அவிழ்த்துவிடாதீர்கள். அவர் தம் ஊரைப் பற்றி உண்மையைத்தான் சொல்லியிருப்பார், ஆனால் அது உங்கள் ஊருக்குச் செல்லாது.

டுசெல்டோர்ஃப், கொலோன் போன்ற நகரங்கள் அடங்கிய நார்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலியாவில் நாயின் அளவுதான் கணக்கு. உயரம் 40 சென்டிமீட்டரையோ எடை 20 கிலோவையோ எட்டிவிட்டால் சட்டம் அதைப் பெரிய நாய் என்று கொள்கிறது. அப்படிப்பட்ட நாயைக் குடியிருப்புப் பகுதிகளின் தெருக்களில் கயிற்றில்தான் அழைத்துச் செல்ல வேண்டும். நகரின் ஒழுங்குத்துறை அலுவலகத்தில், அதாவது ஓர்ட்னுங்ஸ்அம்ட்டில், அதை வளர்ப்பதைத் தெரிவிக்க வேண்டும். நாய் வளர்க்கும் அறிவு உங்களுக்கு உண்டு என்பதற்கான சான்றும், நாய் பிறருக்கு விளைவிக்கும் சேதத்தை ஈடுகட்டும் பொறுப்புக் காப்பீடும், நாய்க்கு மைக்ரோசிப்பும் வேண்டும். உயரத்தைத் தலையிலிருந்து அளக்கக் கூடாது. நாயைச் சமதரையில் நேராக நிற்க வைத்து, முன்கால்களுக்கு மேலே கழுத்தும் முதுகும் சேரும் இடத்தில் தடவினால் தோள்பட்டை எலும்பின் மேடு கைக்குத் தட்டுப்படும். அங்கிருந்து தரை வரைக்கும் உள்ளதே உயரம். ஊரிலிருந்து ராஜபாளையத்தையோ சிப்பிப்பாறையையோ கொண்டுவருகிறவர்கள் அளந்துபார்க்கவே தேவையில்லை, அவை வளர்ந்ததும் அந்த வரம்பைத் தாண்டிவிடும். சிறிய நாய்களுக்குச் சலுகை இருந்தாலும், கடைத்தெரு, பூங்கா, பள்ளி, கூட்டம் கூடும் நிகழ்ச்சி போன்ற இடங்களில் அவற்றுக்கும் கயிறு உண்டு.

பெர்லினில் 2019 ஜனவரி 1 முதல் கயிறு என்பது பொது விதியாகிவிட்டது. நாயை நடத்தும் திறனுக்கான தேர்வில் தேறியவர்களுக்கு விலக்கு கிடைக்கும், ஆனால் அந்த விலக்கும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. கயிற்றின் நீளத்தையும் அங்கே கவனிக்க வேண்டும்: அடுக்குமாடியின் மாடிப்படி, ரயில் நிலையம், கடைத்தெரு ஆகியவற்றில் ஒரு மீட்டர், பூங்காக்களில் இரண்டு மீட்டர். எனவே இழுக்க இழுக்க நீளும் கயிற்றை வாங்கியவர்கள் அங்கெல்லாம் அதைப் பூட்டிக் குறுக்கிக்கொள்ள வேண்டும். ஹாம்பர்க்கிலும் கயிறு பொது விதியே. கீழ்ப்படிதல் தேர்வில் தேறினால் விலக்கு உண்டு. பவேரியாவில் மாநிலம் தழுவிய கட்டாயம் இல்லை, ஊராட்சியும் நகராட்சியுமே முடிவு செய்கின்றன; அதனால் அடுத்த ஊருக்கு நடந்து போனாலே விதி மாறியிருக்கக்கூடும்.

நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது ஹனோவர், பிரவுன்ஷ்வைக் நகரங்கள் இருக்கும் நீடர்சாக்சன் மாநிலத்தைப் பற்றி. அங்கே ஏப்ரல் 1 முதல் ஜூலை 15 வரை காட்டிலும் வயல்வெளியிலும் எந்த நாயாக இருந்தாலும் கயிற்றில்தான் இருக்க வேண்டும். பக்கத்திலுள்ள பிரேமனில் இந்தக் காலம் மார்ச் 15 அன்றே தொடங்கிவிடுகிறது. காட்டுயிர்கள் குட்டி ஈனும், பறவைகள் அடைகாக்கும் காலம் இது. மான்குட்டிக்குப் பிறந்த சில வாரங்களுக்கு ஓடத் தெரியாது. ஆபத்து நெருங்கினால் புல்லோடு புல்லாக அசையாமல் படுத்துக்கொள்ளும், தாய் சற்றுத் தள்ளி மேய்ந்துகொண்டிருக்கும். வானம்பாடியும் கௌதாரியும் தரையில்தான் கூடு வைக்கின்றன. நாய் கடிக்கவே வேண்டாம், மோப்பம் பிடித்துச் சுற்றி வந்தாலே தாய்ப்பறவை பறந்துபோய் முட்டைகள் குளிர்ந்துவிடும். "எங்கள் நாய் சாது, யாரையும் ஒன்றும் செய்யாது" என்ற சமாதானம் இந்த இடத்தில் பொருந்தாமல் போவதற்கு இதுவே காரணம். சிப்பிப்பாறை போன்ற நம் வேட்டை இனங்கள் முயலைக் கண்டால் எஜமானரின் குரலைக் காதில் வாங்குவதில்லை. காட்டு விலங்கைத் துரத்தும் நாயை, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, வேட்டை உரிமம் உள்ளவர் சுடவும் பல மாநிலங்களின் வேட்டைச் சட்டங்கள் இடம் கொடுக்கின்றன. அந்த மாதங்களில் தயவுசெய்து கயிற்றை விடாதீர்கள்.

இவற்றுக்கிடையே நாடு முழுவதும் ஒன்றாக இருப்பவையும் உண்டு. ஜெர்மன் உரிமையியல் சட்டத்தின் 833ஆம் பிரிவின்படி, செல்லப்பிராணி யாருக்காவது தீங்கு விளைவித்தால், உங்கள் மீது தவறு இல்லாவிட்டாலும் நீங்களே ஈடு செய்ய வேண்டும். மிதிவண்டியில் வருபவர் உங்கள் நாய் குறுக்கே ஓடியதால் விழுந்து எலும்பை முறித்துக்கொண்டால், மருத்துவச் செலவும் அவர் இழக்கும் சம்பளமும் உங்கள் தலையில் விழும். பெர்லின், ஹாம்பர்க், நீடர்சாக்சன் ஆகியவற்றில் எல்லா நாய்களுக்கும் பொறுப்புக் காப்பீடு கட்டாயம். உங்கள் மாநிலத்தில் கட்டாயம் இல்லையென்றாலும் எடுத்துவிடுங்கள். டாய்ச்ச பான் ரயில்களில், வீட்டுப் பூனையை விடப் பெரிய நாய்க்குப் பயணச்சீட்டும் கயிறும் வாய்மூடியும் வேண்டும்.

நாய் வளர்க்காத குடும்பங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. தெருநாய்க்குப் பயந்து பழகிய நம் குழந்தைகள் பூங்காவில் நாயைக் கண்டதும் அலறிக்கொண்டு ஓடுவார்கள், ஓடுவதைக் கண்டு நாய் விளையாட்டாகத் துரத்தும். குழந்தையை அசையாமல் நிற்கச் சொல்லி, உரிமையாளரிடம் "பிட்டெ நேமன் ஸீ இயரன் ஹுண்ட் ஆன் டீ லைனெ", அதாவது தயவுசெய்து உங்கள் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள் என்று நிதானமாகக் கேளுங்கள். இப்படிக் கேட்பதை யாரும் அவமதிப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அவிழ்த்துவிட அனுமதித்த இடத்துக்குள் நாம் நின்றுகொண்டு இதைக் கேட்பது மட்டும் நியாயமாகாது. நுழைவாயிலில் இருக்கும் பலகையைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

வேலை மாறி வேறு நகரத்துக்குக் குடிபெயரும்போது உங்கள் முகவரியைப் பதிவதோடு நாயையும் பதிய வேண்டும். நாய் வரியை வசூலிப்பது நகராட்சி என்பதால் பழைய ஊரில் கணக்கை முடித்துவிட்டுப் புதிய ஊரில் தொடங்க வேண்டும். பெர்லினில் முதல் நாய்க்கு ஆண்டுக்கு 120 யூரோ, மற்ற ஊர்களில் தொகை வேறு. அந்த வேலைக்காகத் தொடர்புகொள்ளும்போதே, எந்தெந்த இடத்தில் கயிறு கட்டாயம், எந்த மாதங்களில், எத்தனை மீட்டர் நீளம், அவிழ்த்துவிட அனுமதித்த இடங்கள் எவை என்ற நான்கையும் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் எழுதி அனுப்பச் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள்.