ஷெஃபீல்டு கழகம் விதிநூலை விற்றது சரிதானா?

ஓரக்கோடு:
1857 அக்டோபர் 24 அன்று தொடங்கி இன்றும் ஆடிக்கொண்டிருக்கிற இங்கிலாந்துக் கால்பந்துக் கழகமான ஷெஃபீல்டு எஃப்.சி., 2011 ஜூலையில் தன் பழைய ஆவணங்களை லண்டனில் ஏலத்தில் விட்டது. 1858இல் கையால் எழுதிய ஆட்ட விதிகளும், 1859இல் அச்சான விதிநூலில் மிஞ்சியிருந்த ஒரே பிரதியும் அதில் அடக்கம். கிடைத்தது 8,81,250 பவுண்டு. பூர்வீகப் பத்திரத்தை விற்று வீட்டுக்கு வெள்ளையடிப்பதை நான் ஏற்க மாட்டேன்.

நடுவர்விசில்:
முதலில் வீடு வேண்டுமே ஐயா! 2001 வரை அவர்களுக்குச் சொந்த மைதானமே கிடையாது. கிடைத்ததும் ஊருக்கு வெளியே, டர்பிஷயரின் டிரான்ஃபீல்டில், ஒரு மதுவிடுதியை ஒட்டி. பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வரும் ஆட்டக்காரர்களை வைத்துக் கழகம் நடத்துகிறார்கள். பெட்டிக்குள் கிடக்கும் தாள் புல் வெட்டுமா?

ஓரக்கோடு:
அதே ஊரின் இன்னொரு பழைய கழகமான ஹாலம் மட்டும் பணத்தில் புரள்கிறதா? 1860 டிசம்பர் 26 அன்று ஹாலமின் சாண்டிகேட் மைதானத்தில் இந்த இரண்டும் மோதியதைத்தான் கழகங்களுக்கு இடையிலான முதல் ஆட்டம் என்கிறோம் (ஷெஃபீல்டுக்கு 2-0 வெற்றி). அதே ஹாலம் 1867இல் வென்ற யூடன் கோப்பை நெடுங்காலம் காணாமல் போயிருந்தது. 1997இல் ஸ்காட்லாந்துப் பழம்பொருள் வியாபாரி ஒருவரிடம் அது இருப்பது தெரிந்ததும், காசு கொடுத்து மீட்டுக்கொண்டார்கள். இவர்களோ கையிலிருந்ததைக் கொடுத்துவிட்டார்கள்.

பழங்காகிதம்:
இவ்வளவு பேசுகிறீர்களே, அந்த விதிகளைப் படித்திருக்கிறீர்களா? கையால் தள்ளலாம், காலை வாரக் கூடாது. பந்தைத் தரையில் படாமல் கையால் பிடித்தால், பிடித்தவருக்கே ஃப்ரீ கிக். எனக்குப் பிடித்தது தொப்பி விதி: ஒவ்வொருவரும் சிவப்பிலும் கருநீலத்திலும் கம்பளித் தொப்பி வைத்திருக்க வேண்டும், அணிக்கு ஒரு நிறம். தொடக்கத்தில் மோத வேறு கழகமே இல்லாததால், கல்யாணமானவர்கள் ஒரு பக்கமும் ஆகாதவர்கள் மறுபக்கமுமாகப் பிரிந்து தங்களுக்குள்ளேயே ஆடினார்கள். இன்று யார் எந்தப் பக்கம் என்று தெரிய அந்தத் தொப்பிதான் உதவியிருக்கும்!

விற்பனையைவிட 1885தான் எனக்கு உறுத்துகிறது. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் தரலாம் என்று அந்த ஆண்டு அனுமதி வந்தது. இவர்கள் வேண்டாம் என்று ஒதுங்கினார்கள். அதே ஊரின் ஷெஃபீல்டு வெட்னஸ்டே கழகம் 1887இல் சம்பள வழிக்குப் போனது, 1889இல் ஷெஃபீல்டு யுனைடெட் பிறந்தது. கூட்டமும் காசும் அங்கே போயின. 2011 ஏலத்துக்கான விதை அன்றே விழுந்துவிட்டது.

நடுவர்விசில்:
அதைத் தவறு என்பீர்களா? சம்பளமில்லாதவர்களுக்கான அமெச்சூர் கோப்பையை 1904இல் ஈலிங்கை 3-1 என வீழ்த்தி வென்றார்களே! ஃபிஃபாவின் கௌரவ விருது பெற்ற கழகங்கள் ரியல் மாட்ரிட்டும் இவர்களும்தான். ஆனால் விருதைக் காட்டி மின்கட்டணம் கட்ட முடியாது. 2007இல், 150ஆம் ஆண்டு நிறைவுக்கு, பெலே பார்க்க இன்டர் மிலானுடன் ஆடினார்கள். 5-2 தோல்வி, போகட்டும். அந்த விழாவைக்கூட யுனைடெட்டின் பிராமல் லேன் மைதானத்தில்தான் நடத்த வேண்டியிருந்தது. இரவல் பந்தலில் சொந்தக் கல்யாணம்!

ஓரக்கோடு:
அந்த இரவல் பந்தல் எனக்கும் வலிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். விற்ற பணம் ஷெஃபீல்டுக்குள் ஒரு மைதானமாக எழுந்திருந்தால் இந்தப் பேச்சையே எடுத்திருக்க மாட்டேன். ஏலம் முடிந்து பத்தாண்டு கழித்தும் டிரான்ஃபீல்டில்தானே ஆடிக்கொண்டிருந்தார்கள்?

பழங்காகிதம்:
தொப்பி விதிக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.