நான்காம் நாளே உடைந்துபோகும் படிப்பு அட்டவணை: எங்கே தவறுகிறேன்?

கட்டம்போட்டவன்:

அனைவருக்கும் வணக்கம். இளநிலைப் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பருவத் தேர்வுக்கு இன்னும் 9 வாரங்கள் இருக்கின்றன. பாடங்கள் ஐந்து, பாடத்துக்கு ஐந்து அலகுகள். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் பல வண்ணங்களில் கட்டம் போட்டு, காலை 5 மணி முதல் இரவு 10 மணி வரை எந்த நேரத்தில் எந்தப் பாடம் என்று அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டுகிறேன். மூன்று நாள் ஒழுங்காக நடக்கிறது. நான்காம் நாள் ஏதாவது ஒரு கட்டம் தவறுகிறது. அதை மறுநாளின் தலையில் ஏற்றுகிறேன். மறுநாள் இரண்டு கட்டங்கள் தவறுகின்றன. வாரக் கடைசியில் தாளைக் கிழித்துவிட்டுப் புதியது எழுத உட்காருகிறேன். அட்டவணை போடுவதில் எனக்கு இப்போது நல்ல தேர்ச்சி வந்துவிட்டது, பாடத்தில்தான் வரவில்லை.

இதைவிட வருத்தம் தருவது, அட்டவணைப்படி முழுமையாகப் படித்து முடித்த அலகுகள்கூட இரண்டு வாரங்களில் மறந்துபோவதுதான். நேரத்தை வைத்துத் திட்டமிடுவது சரியா, பாட அளவை வைத்துத் திட்டமிடுவது சரியா? திருப்புதலுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

பழைய மாணவி:

உங்கள் அட்டவணை உடைவதற்குச் சோம்பல் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. கணக்கில்தான் பிழை இருக்கிறது. ஒரு வேலைக்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதைக் குறைத்தே மதிப்பிடுவது மனித இயல்பு. 1994இல் ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் ஆகிய உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்கள் தங்களுக்குச் சராசரியாக 34 நாட்கள் போதும் என்று கணித்தார்கள். ஆனால் உண்மையில் ஏறக்குறைய 55 நாட்கள் பிடித்தன. எல்லாம் மிக மோசமாகப் போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்டபோது அவர்கள் சொன்ன கணக்கைக்கூட அந்த 55 தாண்டிவிட்டது.

எனவே முதல் வாரம் எந்தத் திட்டமும் போடாதீர்கள். வழக்கம்போலப் படியுங்கள், எப்போது உட்கார்ந்தீர்கள், எப்போது எழுந்தீர்கள், அதற்குள் எத்தனை பக்கம் அல்லது எத்தனை கணக்கு முடிந்தது என்பதை மட்டும் குறித்து வையுங்கள். அதன் பிறகு வகுத்துப் பாருங்கள். முதல் வாரம் குறிப்பெடுப்பதில் போய்விடும், கடைசி வாரத்தை மாதிரித் தேர்வுகளுக்கு விட்டுவிட வேண்டும். மீதம் 7 வாரங்கள். வாரத்துக்கு 20 மணி நேரம் கிடைக்குமென்றால் மொத்தம் 140 மணி நேரம். உங்கள் 25 அலகுகளுக்கும் தலா 4 மணி நேரம் போதுமென்றால் 100 மணி நேரம் போக 40 மீதமிருக்கும். அலகுக்கு 6 மணி நேரம் பிடிக்கிறதென்றால் 150 வேண்டும், அதாவது திருப்புதலுக்கு ஒரு நிமிடமும் இல்லாமலே பற்றாக்குறை. அந்தப் பற்றாக்குறை தேர்வுக்கு முந்தைய இரவில் தெரிவதைவிட இப்போதே தெரிந்தால், எதை மேலோட்டமாகப் பார்ப்பது என்று நிதானமாக முடிவு செய்யலாம்.

நேரமா அளவா என்ற கேள்விக்கு என் விடை அளவுதான். ‘6 முதல் 8 வரை புள்ளியியல்’ என்று எழுதினால் இரண்டு மணி நேரம் புத்தகத்தின் முன் உட்கார்ந்திருந்தாலே கடமை முடிந்ததாக மனம் கணக்கு முடித்துவிடும். ‘நிகழ்தகவில் 12 கணக்குகள்’ என்று எழுதினால் ஏமாற்ற வழியில்லை. வாரத்தில் ஒரு நாளை அறவே வெறுமையாக விடுங்கள். தவறிய வேலை எதுவானாலும் அந்த நாளுக்குப் போகட்டும், ஒருபோதும் மறுநாளுக்குப் போக வேண்டாம். நீங்கள் சொன்ன சரிவு தொடங்குவதே அந்த மறுநாளில்தான்.

நினைவகம்:

மறதி பற்றி மட்டும் எழுதுகிறேன். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, அவை எவ்வளவு வேகத்தில் மறக்கின்றன என்று அளந்து 1885இல் வெளியிட்டார். மறதி சீராக நடப்பதில்லை, முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடுகிறது, பிறகு மெதுவாகத் தேய்கிறது என்பது அவர் கண்டது. ஆகவே கடைசி இரண்டு வாரத்தைத் திருப்புதலுக்கென்று ஒதுக்குவது காலம் கடந்த வேலை. படித்த மறுநாள் ஒரு முறை, நான்கைந்து நாள் கழித்து ஒரு முறை, இரண்டு வாரம் கழித்து ஒரு முறை என்று இடைவெளி விட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறை படிக்க உட்காரும்போதும் முதல் 20 நிமிடம் பழைய பாடத்துக்கு என்று வைத்துக்கொண்டால் தனி நாள் தேட வேண்டியதில்லை.

திருப்புதல் என்றால் மீண்டும் வாசிப்பது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறோம். 2006இல் ரோடிகர், கார்பிக் இருவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒரு பகுதியை நான்கு தடவை படித்தவர்கள் 5 நிமிடம் கழித்து 83 விழுக்காட்டை நினைவுகூர்ந்தார்கள்; ஒரு தடவை படித்துவிட்டு மூன்று தடவை பார்க்காமல் எழுதியவர்கள் 71 விழுக்காடுதான். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது முன்னவர்கள் 40க்கு இறங்கியிருந்தார்கள், பின்னவர்கள் 61இல் நின்றார்கள். மீண்டும் வாசிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோல் ஒரு மயக்கம் வருகிறது. நீங்கள் ‘முழுமையாகப் படித்து முடித்த’ அலகுகளில் நேர்ந்ததும் இதுவாகத்தான் இருக்கும். புத்தகத்தை மூடி, வெற்றுத்தாளில் எழுதி, விட்டுப்போனதை மட்டும் திறந்து பாருங்கள். முதல் சில நாள் எரிச்சலாகத்தான் இருக்கும்.

கரும்பலகை:

முப்பது ஆண்டுகள் வகுப்பெடுத்தவன் என்ற முறையில் மேலே சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன், ஒன்றைத் தவிர. நேரத்தை முற்றிலும் கைவிட வேண்டாம், தம்பி. முடிக்கும் நேரத்தை அளவு தீர்மானிக்கட்டும். தொடங்கும் நேரத்தைக் கடிகாரம்தான் தீர்மானிக்க வேண்டும். ‘மாலையில் படிப்பேன்’ என்பவன் பெரும்பாலும் படிப்பதில்லை. ‘வகுப்பிலிருந்து வந்து முகம் கழுவியதும் நாற்காலியில் உட்காருவேன்’ என்று ஒரு செயலோடு முடிச்சுப் போட்டவன் உட்காருகிறான். அந்தக் காலை 5 மணியையும் கொஞ்சம் யோசியுங்கள். இரவு 12 மணிக்குப் படுப்பவர் 5 மணிக்கு எழுந்தால் அட்டவணை அழகாக இருக்கும், தலையில் ஒன்றும் ஏறாது.

கட்டம்போட்டவன்:

ஒரு வாரம் குறிப்பெடுத்துவிட்டு வருகிறேன். நாளுக்கு 5 மணி நேரம் படிப்பதாக நம்பிக்கொண்டிருந்தேன். குறிப்பேட்டின்படி வாரம் முழுவதற்கும் சேர்த்தே 16 மணி நேரம்தான். அதிலும் 4 மணி நேரம் வகுப்புக் குறிப்புகளை வண்ணப் பேனாவால் அழகாகப் படியெடுப்பதில் போயிருக்கிறது. புள்ளியியலில் ஓர் அலகுக்கு 7 மணி நேரம் ஆனது, மற்றொரு பாடத்தில் 3 மணி நேரமே ஆனது; நானோ ஐந்து பாடங்களுக்கும் ஒரே அளவு கட்டங்கள் போட்டுக்கொண்டிருந்தேன். படியெடுப்பதை நிறுத்தி, அந்த 4 மணி நேரத்தைப் பார்க்காமல் எழுதிப் பார்ப்பதற்குக் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வெறுமையாக இருக்கிறது. படியெடுப்பதை அறவே விடலாமா என்பதுதான் இன்னும் தயக்கமாக இருக்கிறது.

நினைவகம்:

சூத்திரங்களை மட்டும் பாடத்துக்கு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அதையும் பார்க்காமல் எழுதுங்கள். மற்றதை விட்டுவிடலாம்.