'0.0.0.0 போதும்' என்பவருக்கு ஒரு மறுப்பு

வலைத்தறி:
"டெவலப்மெண்ட் சர்வரை (தளத்தை உருவாக்கும்போது நம் கணினியிலேயே ஓடும் சர்வரை) 0.0.0.0-இல் ஓடவிட்டால் போதும், போனும் டேப்லெட்டும் தாமாகவே அதைக் கண்டுகொள்ளும்" என்று நேற்று இங்கே ஒருவர் அடித்துச் சொல்லியிருந்தார். இது தவறு. 127.0.0.1-இல், அதாவது கணினி தன்னையே குறிக்கும் முகவரியில், மட்டும் காத்திருக்கும் சர்வரை வேறு கருவிகள் எட்ட முடியாது என்பதும், கணினியின் எல்லா முகவரிகளிலும் காத்திருக்கச் சொல்லும் 0.0.0.0 அந்தத் தடையை நீக்குகிறது என்பதும் உண்மைதான். ஆனால் சர்வர் எந்த முகவரியில் இருக்கிறது என்பதை அது எந்தக் கருவிக்கும் அறிவிப்பதில்லை.

கதிர்நிரல்:
அந்த 'ஒருவர்' நான்தான். பெயரைச் சொல்லியே எழுதியிருக்கலாம். முகவரியை டெர்மினலில் பார்த்து, கியூஆர் கோடாக்கி, போனில் ஸ்கேன் செய்தால் வேலை முடிந்தது. 0.0.0.0 போதும்.

நிலாமொழி:
முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்துங்கள். கருவி சர்வரைத் தானே தேடிக் கண்டுபிடிக்க வேண்டுமா, தெரிந்த பெயரால் எட்டினால் போதுமா?

வலைத்தறி:
கதிர்நிரல், ரவுட்டர் நாளை உங்கள் கணினிக்கு 192.168 எனத் தொடங்கும் வேறொரு உள்வலை முகவரியைக் கொடுத்தால் உங்கள் கியூஆர் கோடு எதற்குப் பயன்படும்? இதற்காகவே எம்டிஎன்எஸ் இருக்கிறது; ஒரே வலையிலுள்ள கருவிகள் பெயரைக் கொண்டு ஒன்றின் முகவரியை மற்றொன்று அறியும் முறை அது. 2013-இல் ஆர்எஃப்சி 6762 என்னும் இணையத் தர ஆவணமாக வெளிவந்தது. கருவி 224.0.0.251 என்னும் பலமுனை முகவரிக்கு (பல கருவிகளுக்கு ஒரே நேரத்தில் போய்ச்சேரும் முகவரி) 5353-ஆம் போர்ட்டில் கேள்வி அனுப்பும். அந்தப் பெயருக்குரிய கணினியே பதில் தரும். ஆப்பிளில் போன்ஜூரும் லினக்ஸில் அவாஹியும் இதைச் செய்கின்றன. முகவரி மாறினாலும் கணினியின் டாட் லோக்கல் பெயர் ('.local' என்று முடியும் பெயர்) மாறாது.

கதிர்நிரல்:
பழைய ஆண்ட்ராய்டு போன்களின் பிரவுசரில் டாட் லோக்கல் திறப்பதில்லை என்பதை வசதியாக மறைத்துவிட்டீர்கள். சோதனைக்கு வைத்திருப்பவை பெரும்பாலும் பழைய போன்கள்தாம். முன்பு நடந்த எச்டிடிபிஎஸ் சான்றிதழ் பற்றிய விவாதத்திலும் இப்படித்தான், நான் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நழுவினீர்கள். 0.0.0.0 எல்லாக் கருவியிலும் இயங்கும்.

வலைத்தறி:
நழுவவில்லை, கேள்வியே பிழையாக இருந்தது. இப்போது கேளுங்கள். சர்வீஸ் ஒர்க்கரும் (தளத்துக்காகப் பிரவுசர் பின்னணியில் ஓட்டும் நிரல்) கேமராவும் பாதுகாப்பான இணைப்பில், அதாவது சான்றிதழ் உள்ள எச்டிடிபிஎஸ்-இல்தான் இயங்கும். கருவி தன்னையே குறிக்கும் லோக்கல்ஹோஸ்டுக்கு மட்டுமே விலக்கு உண்டு. உங்கள் 192.168 முகவரிக்கு அந்த விலக்கு இல்லை.

கதிர்நிரல்:
டாட் லோக்கலுக்கும் இல்லையே!

நிலாமொழி:
போனை யூஎஸ்பி கம்பியில் இணைத்து, ஆண்ட்ராய்டு கருவியான ஏடிபியின் ரிவர்ஸ் கட்டளையைக் கொடுத்தால் போனின் லோக்கல்ஹோஸ்டே உங்கள் சர்வரைக் காட்டும். அந்த விலக்கும் கிடைத்துவிடும்.

வலைத்தறி:
அது ஆண்ட்ராய்டுக்கு மட்டுமே. சொந்தச் சோதனைக்குச் சான்றிதழ் உருவாக்கும் எம்கேசெர்ட் என்னும் கருவியைக் கொண்டு டாட் லோக்கல் பெயருக்கு ஒரு சான்றிதழ் உருவாக்கி, அதை நம்பவைக்கும் மூலச் சான்றிதழைச் சோதனைக் கருவிகளில் நிறுவினால், முகவரி எத்தனை முறை மாறினாலும் சான்றிதழை மாற்ற வேண்டியதில்லை. எண் முகவரிக்குச் சான்றிதழ் எடுத்தவர் ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதிதாக எடுத்தாக வேண்டும். 0.0.0.0 போதும் என்பவர் இதற்குப் பதில் சொல்லட்டும்.

கதிர்நிரல்:
ரவுட்டரில் என் கணினிக்கு நிலையான முகவரியை ஒதுக்கிவிட்டேன். அது மாறுவதே இல்லை. ஆகவே மீண்டும் சொல்கிறேன், 0.0.0.0 போதும்.

வலைத்தறி:
ரவுட்டரின் கடவுச்சொல் கையில் இல்லாதவர் என்ன செய்வார்?