பெனிஃபிட் ஷேரிங்: பகிர்வா, பங்கா?

நோய்க்கிருமி மாதிரியைத் தந்த நாட்டுக்கு, அதிலிருந்து உருவாகும் தடுப்பூசி, மருந்தின் பயனும் போய்ச் சேர வேண்டும் என்பதே 'பெனிஃபிட் ஷேரிங்'. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சில் ஒருவர் கேட்டது:

> நலப்பகிர்வு என்றே வைத்துக்கொள்ளலாமே? பகிர்வு எல்லாருக்கும் பழகிய சொல்தானே.

அம்மா, அந்தப் பழக்கம்தான் என் தயக்கமே. வாட்ஸப்பில் படம் பகிர்கிறோம். பகிராவிட்டால் ஏன் என்று யாரும் கேட்க முடியாது. பகிர்வில் கொடுப்பவர் மனசு தெரிகிறது, கேட்பவர் உரிமை தெரிவதில்லை. நலம் என்றாலோ, சுகாதாரக் கட்டுரையில் உடல்நலம் என்றே படிப்பார்கள்.

இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு சர்ச்சையே இருக்கிறது. இந்தோனேசியாவில் எச்5என்1 பறவைக் காய்ச்சலில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். நோயாளிகளிடம் எடுத்த மாதிரிகள் உலக சுகாதார நிறுவனத்தின் கூட்டு ஆய்வகங்களுக்குப் போயின. அந்த வைரஸை வைத்து ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்று தடுப்பூசி உருவாக்குவது தெரியவந்தது. 2007 தொடக்கத்தில் இந்தோனேசிய சுகாதார அமைச்சர் சித்தி ஃபாதிலா சுபாரி, இனி மாதிரி அனுப்ப மாட்டோம் என்றார். மாதிரியை நிறுத்தியது ஆபத்தான காரியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவர் கேட்டது தானம் அல்ல, உரிமை. 2011 மே மாதம் உலக சுகாதார மாமன்றம் (அந்நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடும் அவை) ஏற்ற பெருந்தொற்று இன்ஃபுளுவென்சா ஆயத்தச் சட்டகம், வைரஸைத் தருவதையும் அதன் பயனைப் பெறுவதையும் சம நிலையில் வைத்தது. அந்தச் சமநிலை 'பகிர்வு' என்ற சொல்லில் வரவில்லை.

'பங்கீடு' என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். அது ரேஷன் கடையை நினைவூட்டுகிறது. மேலே ஒருவர் அளந்து தர, கீழே நாம் வரிசையில் நிற்பது.

எங்கள் ஊர்க் களத்தில் அறுப்பாட்களின் கூலி நெல்லை மரக்காலால் அளந்து அவர்கள் துண்டில் கொட்டிய பிறகுதான் மூட்டை வண்டியேறும். அதை யாரும் பகிர்வு என்று சொன்னதில்லை. 'என் பங்கு' என்றுதான் கேட்பார்கள்.

ஆகவே 'பயன்பங்கு' என்கிறேன். பயன்பங்கு கோருதல், பயன்பங்கு ஒப்பந்தம், பயன்பங்கு மறுப்பு என்று தடையில்லாமல் வளைகிறது. 'குடிவாரம்' என்ற பழைய சொல்லும் மனதில் ஓடியது. உழுதவன் பங்கு என்ற பொருள் கச்சிதம்தான். ஆனால் இன்று வாரம் என்றால் ஏழு நாள்.

---

> பயன்பங்கு கோருதல்

ஐயா, களத்து நெல் உவமையை ஒப்புகிறேன். பகிர்வை விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும் கவனம். 2025 மே 20 அன்று ஏற்கப்பட்ட பெருந்தொற்று உடன்படிக்கையில், பங்கேற்கும் தடுப்பூசி, மருந்து நிறுவனங்கள் பெருந்தொற்றுக் காலத்தில் தம் உற்பத்தியில் 20 விழுக்காட்டை உலக சுகாதார நிறுவனத்துக்கு ஒதுக்குவது இலக்கு. மொத்த உற்பத்தியில் குறைந்தது 10 விழுக்காடு நன்கொடை, அந்த 20-இல் மீதி கட்டுப்படியாகும் விலையில். அந்த இடத்தை மொழிபெயர்க்கும்போது 'நன்கொடை' என்றே எழுதுங்கள். அந்தப் பிரிவின் தலைப்பில் பங்கு என்று சொல்லிவிட்டு உள்ளே கொடை என்று எழுதியிருப்பதைப் படிப்பவர் தாமே பார்க்கட்டும்.