நோர்ட்ஃப்ரீஸ்லாந்து மாவட்டத்தில் கண்டதும் கேட்டதும்

ஹூசுமில் வசிப்பவர்:

ஜெர்மனியின் வடகோடியில், டென்மார்க் எல்லையை ஒட்டிக் கிடக்கும் நோர்ட்ஃப்ரீஸ்லாந்து மாவட்டத்தின் தலைநகரான ஹூசுமுக்கு நான் குடிவந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வந்த புதிதில் வாகனப் பதிவுக்காக மாவட்ட அலுவலகத்துக்குப் போயிருந்தபோது, எண் பலகையில் முத்திரை ஒட்டிக்கொண்டிருந்த அலுவலர் மாவட்டச் சின்னத்தைக் காட்டி, "இதில் ஏன் மூன்று கப்பல்கள் இருக்கின்றன தெரியுமா?" என்று கேட்டார். ஹூசும், ஐடர்ஸ்டெட், தென் டோண்டர்ன் என்னும் மூன்று பழைய மாவட்டங்களை இணைத்து 1970-இல் உருவாக்கப்பட்டது இந்த மாவட்டம் என்றும், அந்த மூன்றின் நினைவாகவே மூன்று பொற்கப்பல்கள் என்றும் அவரே விளக்கினார். 1864 வரை டென்மார்க் அரசரின் ஆளுகையில் இருந்து, பிறகு பிரஷ்யா என்னும் ஜெர்மானிய அரசின் கைக்கு வந்த நிலம் இது. 1920-இல் மக்கள் வாக்கெடுப்பு நடந்து டோண்டர்ன் நகரம் டென்மார்க்கோடு சேர்ந்துவிட, ஜெர்மனியில் தங்கிய தென்பகுதிக்கு நீபுல் தலைமையிடமானது. ஊர் போனாலும் அதன் பெயர் மட்டும் இந்தப் பக்கம் தங்கிவிட்டது என்பது என்னை இன்றும் நெகிழவைக்கிறது.

இங்கே மாவட்டத் தலைவரை மாநில அரசு நியமிப்பதில்லை. மக்கள் வாக்களித்து அமைக்கும் மாவட்ட மன்றமே அவரைத் தேர்ந்தெடுக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் பல மிகச் சிறியவை என்பதால், அவற்றைச் சேர்த்து 'ஆம்ட்' என்னும் கூட்டு அலுவலகங்கள் எழுத்து வேலையைப் பார்க்கின்றன. ஆனால் இவ்வூரின் தன்னாட்சி உண்மையில் எங்கே பிறந்தது என்பதை நான் அறிந்துகொண்டது எந்த அலுவலகத்திலும் அல்ல, நோர்ட்ஸ்ட்ராண்டின் கடலணையின் மேல்தான்.

அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம், அணையில் ஏன் ஆடுகளை மட்டும் விடுகிறீர்கள் என்று கேட்டேன். அவர் குனிந்து புல்லை விலக்கி, சிறு குளம்புகள் பதிந்து கல்லைப் போல் இறுகியிருந்த மண்ணைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். "மாடு மிதித்தால் புல் பெயர்ந்துவிடும், ஆடு மிதித்தால் மண் இறுகும், ஆடு மேய்ந்தால் வேர் அடர்த்தியாகும்" என்றார். அப்படியே பேச்சு பழைய மண்வெட்டிச் சட்டத்துக்குப் போயிற்று. தன் பங்கு அணையைப் பராமரிக்க முடியாத குடியானவர் தம் மண்வெட்டியை அணையில் குத்திவிட்டு வெளியேற வேண்டும் என்பதும், அதைப் பிடுங்கி எடுப்பவருக்கு அந்த நிலமும் அணையின் சுமையும் ஒருசேரச் சேரும் என்பதும் நூற்றாண்டுகளாக இங்கே நின்ற நெறி. அது கடுமையான நெறிதான். ஆனால் ஒருவர் பங்கு உடைந்தால் எல்லோருடைய வீடும் போகும் இடத்தில் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. நாங்கள் நின்ற நிலமே அதற்குச் சாட்சி: 1634 அக்டோபரில் ஒரே இரவில் எழுந்த பெருவெள்ளம் ஸ்ட்ராண்ட் என்ற பெரிய தீவைப் பிளந்து, ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. எஞ்சிய துண்டுகளே இன்றைய நோர்ட்ஸ்ட்ராண்டும் பெல்வோர்மும்.

ஹோகேயில் தங்கியவர்:

மேலே அணையைப் பற்றிப் படித்ததும், பெரிய அணை இல்லாத இடத்தைப் பற்றி எழுதத் தோன்றியது. இம்மாவட்டத்தில் 'ஹாலிக்' எனப்படும் தாழ்ந்த சிறுதீவுகள் பத்து இருக்கின்றன. வீடுகள் மட்டும் மனிதர் குவித்த மண்மேடுகளின் மேல் நிற்கும். அவற்றுள் ஒன்றான ஹோகேயில் நான் தங்கிய நவம்பர் இரவில் கடல் ஏறி, விடிந்து பார்த்தால் மேய்ச்சல் நிலம் முழுவதும் மறைந்து, தொலைவிலிருந்த மேடுகள் தனித்தனிக் கப்பல்கள்போல் நின்றன. வீட்டுக்கார அம்மா காப்பியை ஊற்றிக்கொண்டே, "நண்பகலுக்குள் வடிந்துவிடும்" என்றார். பிறகு மாடிக்கு அழைத்துப்போய், 1962 வெள்ளத்துக்குப் பின் ஹாலிக் வீடுகளில் கட்டப்பட்ட காப்பறையைக் காட்டினார். மண்மேட்டுக்குள் ஆழப் புதைத்த கான்கிரீட் தூண்கள்தான் அந்த அறையைத் தாங்குகின்றன. சுற்றிலும் சுவர்கள் இடிந்தாலும் அது நிற்கும். தூணை உள்ளங்கையால் தட்டிக் காட்டியபோது அவர் முகத்தில் இருந்த நிம்மதியை நான் மறக்கவில்லை.

ப்ரெட்ஸ்டெட்டில் வசிப்பவர்:

நிலத்தைப் பற்றி இருவரும் எழுதிவிட்டீர்கள். நான் காதில் விழுந்ததை எழுதுகிறேன். எங்கள் ஊர்ப் பலகையில் ஜெர்மன் பெயருக்குக் கீழே 'ப்ரைஸ்ட்' என்று, இவ்வட்டாரத்தின் பழைய மொழியான ஃப்ரீசியத்தில் உள்ள பெயரும் இருக்கிறது. ஃப்ரீசிய மொழிக்கென்றே மாநிலச் சட்டமன்றம் 2004-இல் ஒரு சட்டம் இயற்றியது. அலுவலகத்தில் அம்மொழியில் பேசவும் அதில் இடமுண்டு. ஆனால் தீவுக்கொரு வழக்கு, கரைக்கொரு வழக்கு என்பதால் பேசுவோர்க்குள்ளேயே எளிதில் புரிவதில்லை. ஒருமுறை ரயிலில் ஃபோர் தீவைச் சேர்ந்த முதியவரும் நீபுல் பக்கத்துப் பெண்மணியும் அவரவர் ஃப்ரீசியத்தில் தொடங்கி, நான்கு வாக்கியங்களுக்குப் பிறகு சிரித்துக்கொண்டே, வட ஜெர்மனியின் பேச்சுமொழியான கீழ் ஜெர்மனுக்கு மாறினார்கள். இறங்கும் இடம் வந்தபோது முதியவர் மறுபடியும் தம் தீவு மொழியிலேயே விடைசொன்னார். அந்த அம்மாவும் தம்முடைய வழக்கிலேயே பதில் சொன்னார்.